விலை கொடுத்து வாங்கின கிச்சன் மெஷின்: வருஷத்துக்கு ஒரு தடவை என்ன பண்ணணும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பில்ட்-இன் ஃப்ரிட்ஜ், வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இப்போ கொஞ்ச நாளா மோட்டார் நிக்கவே மாட்டேங்குது, ராத்திரியெல்லாம் சத்தம். கேஸ் போயிருக்கும், ரொப்பணும்னு சொல்றாங்க. சர்வீஸுக்கு சொல்லிடலாமா சார்?

பதில்: கொஞ்சம் பொறுங்கம்மா. கேஸ் தானா எல்லாம் குறையாது, அது மூடின பைப்புக்குள்ள சுத்துற சமாச்சாரம், எங்கயாவது லீக் இருந்தா மட்டும்தான் குறையும். அதனால முதல்ல ஒரு டார்ச் எடுத்துட்டு கண்டென்சர் காயிலைப் பாருங்க. பில்ட்-இன் மாடல்ல அது பெரும்பாலும் தலைக்கு மேல இருக்குற கிரில்லுக்குப் பின்னாடி இருக்கும், சிலதுல கீழ கால் பக்கம். மூணு வருஷமா யாரும் தொடலைன்னா கம்பளி போர்த்தின மாதிரி தூசி அப்பியிருக்கும், பாத்தா நீங்களே ஷாக் ஆயிடுவீங்க. உள்ள இருக்குற சூட்டை வெளிய தள்ளுறது அந்த காயில்தான், அது மூடிப்போச்சுன்னா சூடு போக வழியில்லாம கம்ப்ரஸர், அதாவது நீங்க சொல்ற மோட்டார், ஓடிட்டே இருக்கும், அதுவும் பில்ட்-இன்னுக்கு சுத்தி மரம் அடைச்சிருக்கறதால காத்தோட்டம் ஏற்கனவே கம்மி.

பவரை ஆஃப் பண்ணிட்டு, சாஃப்ட் பிரஷ்ஷால தூசியைத் தள்ளிவிட்டு வாக்யூம்ல இழுங்க. மெல்லிசு தகடு தகடா இருக்குறதுதான் ஃபின், அது வளையாம, அது போற வாக்குலயே பிரஷ் போகணும், குறுக்க தேய்க்காதீங்க. அப்படியே கதவு ரப்பரையும் பாத்துடுங்க, ஒரு பேப்பரை நடுவுல வெச்சு கதவை மூடி இழுங்க, ரப்பர் பேப்பரை இறுக்கிப் பிடிச்சுக்கணும், வழுக்கிட்டு வந்துச்சுன்னா அந்த இடத்துல குளிர் கசியுதுன்னு அர்த்தம். டெம்பரேச்சர் உள்ள 3 இல்ல 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18, இதுக்குக் கீழ வெச்சு மோட்டாரை ஓட வைக்க வேண்டியதில்ல. இதெல்லாம் பண்ணி ஒரு நாள் கழிச்சும் அப்படியே ஓடுச்சுன்னா அப்போ கூப்பிடுங்க. ஒண்ணு சொல்லணும், வேகத்தைத் தானே கூட்டிக் குறைச்சுக்கற இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்னா மெதுவா ரொம்ப நேரம் ஓடறதே அதோட குணம், முன்னாடி அமைதியா இருந்தது இப்போ சத்தமா ஓடுதா, அதைத்தான் கவனிக்கணும்.

கேள்வி: டிஷ்வாஷர்ல கண்ணாடி டம்ளர் எல்லாம் வெள்ளை படிஞ்சு வெளிய வருது. சால்ட் லைட்டும் எரியுது. வீட்ல இருக்குற தூள் உப்பையே போட்டுடலாமா?

பதில்: வேண்டாம்! தூள் உப்பு கட்டி தட்டாம இருக்கறதுக்கு அதுல ஏதேதோ கலந்திருக்கும், அது போய் தண்ணியோட கடினத்தைக் குறைக்கிற சாஃப்ட்னர்ல அடைச்சுக்கும். டிஷ்வாஷர் சால்ட்னே பெரிய பெரிய பரலா விக்குது, அதை மட்டும் போடுங்க. உப்பு பாத்திரத்தைக் கழுவறதுக்கு இல்ல, தண்ணியில இருக்குற கால்சியத்தைப் பிடிச்சு வைக்கிற ரெசின்னு ஒண்ணு உள்ள இருக்கு, அதைக் கழுவி மறுபடி வேலைக்கு தயார் பண்றதுக்குத்தான். உங்க தண்ணி எவ்வளவு ஹார்டுன்னு டெஸ்ட் ஸ்ட்ரிப்ல பாத்து மெஷின்ல செட் பண்ணணும், நிறைய பேர் இதைப் பண்றதே இல்ல, மெஷினைத் திட்டிட்டு இருப்பாங்க.

அந்த வெள்ளையை வினிகர் நனைச்ச துணியால தேய்ச்சுப் பாருங்க. போச்சுன்னா உப்புத் தண்ணிக் கறை, சரி பண்ணிடலாம். போகலைன்னா கண்ணாடியே அரிச்சுப் போச்சு, அது திரும்ப வராது, அந்த டம்ளர்களை இனிமே கையிலதான் கழுவணும். வருஷத்துக்கு ஒரு தடவை டீஸ்கேலர், அதாவது உப்புப் படிவைக் கரைக்கிற மருந்து, போட்டு காலி மெஷினை உச்ச சூட்டுல ஓட்டுங்க. தண்ணியைப் பீச்சிட்டு சுத்துற ஸ்ப்ரே ஆர்மைக் கழட்டி ஓட்டையில மாட்டியிருக்குற துணுக்கை டூத்பிக்கால குத்தி எடுங்க. அடியில இருக்குற ஃபில்டருக்கு மட்டும் வருஷக் கணக்கு கிடையாது, அதை அடிக்கடி கழுவணும்.

கேள்வி: அடுத்த வாரம் வீட்ல விசேஷம். அதுக்குள்ள ஓவன்ல செல்ஃப் க்ளீன் ஓட்டிடலாம்னு இருக்கேன். சரிதானே?

பதில்: விசேஷம் முடிஞ்சப்புறம் ஓட்டுங்க. செல்ஃப் க்ளீன்ல அழுக்கை எரிச்சு சாம்பலாக்குற பைரோலிடிக் க்ளீன்னா உள்ள கிட்டத்தட்ட 500 டிகிரி வரைக்கும் ஏறும், அந்த சூட்டுல ஃப்யூஸோ கதவு லாக்கோ போனா ஆள் வர்ற வரைக்கும் ஓவன் கிடையாது. ஓட்டும்போது கம்பி ரேக்கை வெளிய எடுத்துடுங்க, உள்ளயே விட்டா கலர் மங்கிடும், ரெயில்ல சரியா நகராது. தேங்கியிருக்குற எண்ணெயை முன்னாடியே துடைச்சுடுங்க, இல்லைன்னா புகை. ஜன்னலைத் திறங்க, வீட்ல கிளி குருவி வளர்க்கறீங்கன்னா வேற ரூமுக்கு இல்ல, வெளியவே கொண்டு போயிடுங்க, அந்தப் புகை பறவைக்கு ஆகாது, செத்தே போயிடும். கதவைச் சுத்தி நெசவு மாதிரி இருக்குற கேஸ்கெட்டைத் தேய்க்காதீங்க.

கேள்வி: சிம்னி புகையை இழுக்கவே மாட்டேங்குது.

பதில்: எண்ணெயைப் பிடிக்கிற பேஃபில் ஃபில்டரைக் கழட்டி சோப்பு போட்ட சுடுதண்ணில ஊற வெச்சு கழுவுங்க. உங்களுது பைப் இல்லாத, காத்தை உள்ளயே திருப்பி விடுற மாடலா? அப்போ கரி ஃபில்டர் ஒண்ணு இருக்கும், அதைப் பெரும்பாலும் கழுவ முடியாது, மாத்தத்தான் வேணும்.

கேள்வி: இதுக்கெல்லாம் சேத்து ஏஎம்சி, அதான் வருஷ பராமரிப்பு காண்ட்ராக்ட், போட்டா நல்லதா?

பதில்: காண்ட்ராக்ட்ல என்ன என்ன செய்வாங்கன்னு எழுதி வாங்குங்க. ‘ஜெனரல் செக்கப்’னு மட்டும் இருந்தா, வந்து வெளிய துடைச்சுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போறதுக்கு உங்க காசு. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, உப்புப் படிவு, நிறைய ரிப்பேருக்கு இந்த மூணும் காரணம், மூணையும் நீங்களே பாத்துக்கலாம். கேஸ் வால்வு, ஃப்ரிட்ஜோட சீல் பண்ணின பைப், உள்ள இருக்குற வயரிங், இதுல மட்டும் கை வைக்காதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. ஹாப்ல, அதாவது மேடையில பதிச்ச கேஸ் அடுப்புல, நீல ஜுவாலை மஞ்சளா மாறினா முதல்ல பர்னர் ஓட்டையை சுத்தம் பண்ணுங்க, அப்பவும் மஞ்சள்னா டெக்னீஷியன். கேஸ் வாடை வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாம வால்வை மூடிட்டு ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்துடுங்க.

கேள்வி: காபி மெஷினுக்கு வினிகர் ஊத்தி டீஸ்கேல் பண்ணலாமா?

பதில்: வாடை லேசுல போகாது, உள்ள இருக்குற ரப்பர் சீலுக்கும் நல்லதில்ல. கம்பெனி சொல்ற டீஸ்கேலரையே வாங்குங்க, லைட் எரிஞ்சதும் பண்ணிடுங்க, பண்ணினப்புறம் ரெண்டு டேங்க் வெறும் தண்ணியை ஓட விட்டுட்டு காபி போடுங்க.