ஜேகேக்குப் போகுமுன் பிள்ளைக்கு எது பழகியிருக்க வேண்டும்?

தங்கச்சி,

உப்புவெளியில் இருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்களே ஆகியிருக்கும் நிலையில், வருகிற செப்டம்பரில் ஜேகே (ஜூனியர் கிண்டர்காட்டன், இங்கே பள்ளியின் முதல் பாலர் வகுப்பு) தொடங்குமுன் மகளுக்கு ஆங்கில எழுத்துகளை எழுதப் பழக்கிவிட வேண்டுமா, அதற்காக வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே, திருகோணமலையில் பிறந்து இங்கே இரண்டு பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுவந்த என்னுடைய பதில்.

இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைக்கு நான்கு வயது நிறைகிற ஆண்டின் செப்டம்பரிலேயே ஜேகே தொடங்கிவிடுகிறது. உங்கள் மகள் 2022 நவம்பரில் பிறந்தவள் என்பதால், 2026 செப்டம்பரில் மூன்று வயதும் பத்து மாதமுமாக, 2022 சனவரியில் பிறந்த பிள்ளைகளோடும் ஒரே வகுப்பில் இருப்பாள். அந்த வயதில் பத்து மாதம் என்பது பெரிய இடைவெளி; பக்கத்துப் பிள்ளையை வைத்து அவளை அளக்காதீர்கள். பாலர் பாடசாலையிலேயே கொப்பியும் வீட்டுப்பாடமுமாக வளர்ந்த நமக்கு நம்பக் கடினமாக இருந்தாலும், இங்கே அந்த வகுப்பு விளையாட்டின் வழியாகவே நடக்கிறது.

என் மூத்தவன் அ முதல் ஔ வரை பிழையில்லாமல் எழுதுவான் என்று நான் பெருமையாக இருந்தேன். முதல் வாரம் முழுவதும் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி கொடுத்துவிட்டபடியே திரும்பி வந்தது. பிட்டு பிடிக்கவில்லையாக்கும் என்று வெள்ளிக்கிழமை நூடில்ஸ் வைத்தேன், அதுவும் வந்தது. கடைசியில் பார்த்தால், அவனுக்கு அந்த மூடியின் கொளுக்கியைத் திறக்கத் தெரியவில்லை. திறந்து தரும்படி கேட்கவும் தெரியவில்லை. நான்கு வயது வரை ஊட்டிவிட்டது நான்தான். அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, வெறும் பெட்டியைத் திறந்து மூடிப் பழகினோம்.

ஜக்கெற்றும் அப்படித்தான். திருகோணமலையின் டச்பே கடற்கரை மணலில் செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைக்கு அது புதிது. ஜக்கெற்றைத் தரையில் மல்லாத்தி விரித்து, தொப்பிப் பக்கம் அவளுடைய காலடியில் இருக்கும்படி நிறுத்தி, குனிந்து ஜக்கெற்றின் இரண்டு கைகளுக்குள்ளும் தன் கைகளை நுழைத்துத் தலைக்கு மேலாகத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். தானாகவே சரியாக விழும். மலசலகூடம் போய்வருவதையும் கைகழுவுவதையும் இப்போதே பழக்குங்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில், 75 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் செய்யக்கூடியவற்றைத்தான் அந்தந்த வயதுக்கு நேரே போட்டிருக்கிறார்கள். நான்கு வயதுக்கு எழுத்து எழுதுவது அதில் இல்லை. நான்கு சொற்களுக்குக் குறையாத வாக்கியம் பேசுவது, அன்று நடந்த ஒன்றையாவது சொல்வது, சில பொத்தான்களைக் கழற்றுவது, வண்ணக்கட்டியைப் பொத்திப் பிடிக்காமல் விரல்களுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பிடிப்பது ஆகியவைதான் இருக்கின்றன. "அம்மம்மாவோட கடற்கரையில மண்வீடு கட்டினனான்" என்று அவள் சொன்னால் அதுவும் முழு வாக்கியமே. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுப் பிந்துவதில்லை. ஆனால் தமிழிலும் சொற்கள் கோவையாக வரவில்லை என்றால், "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்" என்று என் மாமியார் சொன்னதைக் கேட்டு நான் ஒரு வருடம் காத்திருந்ததுபோல நீங்கள் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கு முந்திய பிள்ளைகளுக்கான மாகாணத்தின் இலவசப் பேச்சுச் சேவைக்கு, வைத்தியரின் கடிதம் இல்லாமல் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். பிறப்பு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகள் பெற்றோரோடு போய் விளையாடிப் பழகும் ஏர்லிஓன் நிலையங்களும் இலவசம். வாரத்தில் இரண்டு காலைகளாவது கூட்டிப்போனால், வட்டமாக உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பது அவளுக்குப் புதிதாக இராது.

தடுப்பூசிப் பதிவையும் பாருங்கள். இலங்கையின் தேசிய அட்டவணையில் கொப்புளிப்பான் ஊசி இல்லை. இங்கே 2010இலோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் போகும்போது அது கேட்கப்படும். கிளினிக் கொப்பி இன்னும் அம்மாவின் அலுமாரியில்தான் கிடக்கிறது என்றால், எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, குடும்ப வைத்தியரிடம் இந்த மாதமே காட்டிவிடுங்கள்.