பி.இ. ஏரோ வேறு, ஏஎம்இ வேறு: திண்டுக்கல் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

நீங்கள் அனுப்பிய கல்லூரி நோட்டீஸைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 'ஏரோநாட்டிகல்' என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் 'விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆகலாம்' என்கிறார்கள். உங்களுக்குக் குழப்பம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

பி.இ. ஏரோநாட்டிகல் என்பது பட்டம். இறக்கை எவ்வளவு சுமை தாங்கும், காற்று அதன்மேல் எப்படி ஓடும் என்று கணக்குப் போடும் படிப்பு, நல்ல படிப்புதான். ஆனால் பழுது பார்த்து முடித்த பயணிகள் விமானத்துக்கு 'இனி பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட அந்தப் பட்டம் மட்டும் போதாது. அதற்கு டிஜிசிஏ, அதாவது இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, தரும் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸ் வேண்டும். 'எனக்கு விமானத்தைக் கையால் தொட்டு வேலை செய்யணும்' என்று உங்கள் மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் கேட்பது இரண்டாவது வழி.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்கிறாள், அது போதும். இதற்கு நீட் மாதிரி அரசு நடத்தும் ஒரே நுழைவுத் தேர்வு கிடையாது. சேரும் பள்ளிக்கு சிஏஆர்-147 அங்கீகாரம் (பயிற்சிப் பள்ளிகளுக்கான டிஜிசிஏ விதிப்படி கிடைப்பது) இருக்கிறதா, இருந்தால் எந்தப் பிரிவுக்கு என்பதை டிஜிசிஏ இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பி1.1 என்றால் டர்பைன் இன்ஜின் விமானத்தின் உடலும் இன்ஜினும். பி2 என்றால் ஏவியானிக்ஸ், அதாவது மின்சாரமும் மின்னணுக் கருவிகளும். இரண்டுக்குமே 2,400 மணி நேர வகுப்பும் செய்முறையும் உண்டு. அதன் பிறகு சேவையில் இருக்கும் விமானத்தில் 2 ஆண்டு வேலை அனுபவம் காட்ட வேண்டும். டிஜிசிஏ தேர்வு தனி. 'மூன்றே வருஷத்தில் லைசென்ஸோடு வேலை' என்று ஏஜென்ட் சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

லைசென்ஸ் வந்தாலும் முடியவில்லை. ஏ320, ஏடிஆர் என்று ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப் பயிற்சி எடுத்து லைசென்ஸில் ஏற்ற வேண்டும். அதுவரை இன்னொருவர் கையெழுத்துக்குக் கீழேதான் வேலை. சொந்தக் காசில் அந்தப் பயிற்சிக்குப் போனால் சில லட்சங்கள் ஆகும், நிறுவனமே அனுப்பினால் 'இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்வேன்' என்று ஒப்பந்தம் கேட்கும். கடன் கணக்குப் போடும்போது பலர் விட்டுவிடும் இடம் இது.

பாடத்தில் 7, 9, 10 என்று மூன்று மாட்யூல்கள் வரும்: பராமரிப்பு முறைகள், மனிதக் காரணிகள், வான்போக்குவரத்துச் சட்டம். மாணவர்கள் இவற்றை 'மனப்பாட சப்ஜெக்ட்' என்று ஒதுக்குவார்கள். இந்த வேலையே அவற்றில்தான் இருக்கிறது என்பேன். ஒரு சம்பவம் சொல்கிறேன், மகளிடமும் சொல்லுங்கள்.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே. உள்ளிருந்தவர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட. காரணம் என்ன தெரியுமா? 27 மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 இருக்க வேண்டியதைவிட சுமார் 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மீதி 6 நீளம் குறைந்தவை. மாற்றியவர் புதியவர் இல்லை, அனுபவமுள்ள ஷிஃப்ட் மேனேஜர். ராத்திரி நேரம், ஆள் பற்றாக்குறை. ஸ்டோர்காரர் சரியான எண்ணைச் சொல்லியும், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே ஜோடி பார்த்து எடுத்துவிட்டார். அந்தப் பழைய போல்ட்டுகளே தவறானவை. அந்த வேலைக்கு இன்னொருவர் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. செய்தவரே பார்த்தார், அவரே கையெழுத்துப் போட்டார்.

எண்ணைப் பார்த்து எடு, மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய், டார்க் ரென்ச்சின் (போல்ட்டைச் சரியான அளவு இறுக்கும் கருவி) அளவுத்திருத்தத் தேதியைப் பார், எடுத்த கருவியை எண்ணி வை என்று அந்தப் பாடங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஆங்கிலம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். தமிழ் வழியில் படித்தவள் என்பது தடையில்லை. விமான மேனுவல்களை எளிமைப்படுத்திய ஆங்கிலத்தில் எழுத ஒரு சர்வதேச விதிமுறையே இருக்கிறது. பொதுச் சொற்கள் சுமார் 900தான், குட்டி வாக்கியங்கள், பொதுவாக ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். ஆறு மாதம் உட்கார்ந்தால் பிடிபடும். பேச்சு ஆங்கிலம் பின்னால் வரும்.

நைட் ஷிஃப்ட் கட்டாயம் உண்டு. விமானம் பகலில் பறக்கிறது, ராத்திரிதான் ஹாங்கருக்கு, அதாவது பராமரிப்புக் கொட்டகைக்கு, வரும். ஹாங்கரில் பெண்கள் இன்னும் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். வேலை பெரும்பாலும் பெங்களூர், ஹைதராபாத், டெல்லி, மும்பை, நாக்பூர் பக்கம், சென்னையிலும் கொஞ்சம். வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்றால் இப்போதே வேறு படிப்பு பாருங்கள்.

நிறுவனங்கள் விழுவதும் உண்டு. 2012ல் கிங்ஃபிஷர், 2019ல் ஜெட் ஏர்வேஸ், 2023ல் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தின. லைசென்ஸ் ஆளுக்குச் சொந்தம், நிறுவனத்தோடு போகாது. ஆனால் அதில் ஏற்றியிருக்கும் ரகம் சந்தையில் ஓடாத ரகமாக இருந்தால் அடுத்த வேலை தாமதமாகும். அதனால் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்னிடமோ, வேலையில் இருக்கும் ஒருவரிடமோ கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, நிறப்பார்வை உட்பட முழுக் கண் பரிசோதனை. வயர்களின் நிறம் பார்த்துத்தான் பாதி வேலை. இன்னொன்று, அவளுடைய இயற்பியல் ரெக்கார்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சும்மா கேளுங்கள்: இதிலிருக்கும் ரீடிங் எல்லாம் நீயே எடுத்ததா, பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியதா? அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். பி1ஆ பி2ஆ என்பதை அதன் பிறகு பேசுவோம்.