பத்தோடு பதினொன்று: ராக் குழுப் படங்கள், கேள்வி பதில்

ராக் இசைக்குழுக்களின் கதையைச் சொல்லும் படங்கள், அவர்களைக் கிண்டலடிக்கும் படங்கள் இரண்டையும் பற்றி வந்த கேள்விகள் இவை. இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கெட்டுப்போனவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கே: அண்ணா, பள்ளிக்கூட நாட்களில் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தைப் பழைய கேசட்டில் பார்த்தேன். நிஜக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் என்று நம்பி, அவர்களின் மற்ற ஆல்பங்களைத் தேடி அலைந்தேன். என்னைப் போல வேறு யாராவது உண்டா?

ப: ஊர்ப்பட்ட பேர் உண்டு தம்பி. 1984-ல் படம் வந்தபோதே, "எடுக்கத்தான் எடுத்தீர்கள், கொஞ்சம் பேர் தெரிந்த குழுவாக எடுத்திருக்கக் கூடாதா?" என்று இயக்குநர் ராப் ரெய்னரிடம் கேட்டவர்கள் இருந்தார்கள். படம் கற்பனைக் குழுவைப் பற்றிய போலி ஆவணப்படம். குழுவாக நடித்த கிறிஸ்டோபர் கெஸ்ட், மைக்கேல் மெக்கீன், ஹாரி ஷியரர் மூவரும் வசனத்தைப் பெரும்பாலும் கேமரா முன்னாலேயே போட்டார்கள். வாத்தியமும் அவர்களே வாசித்தது. அதனால்தான் நடிப்பு என்றே தெரியவில்லை.

அந்த ஆம்ப் (கிட்டார் சத்தத்தைக் கூட்டும் பெட்டி) காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லார் ஆம்பிலும் குமிழ் பத்தோடு நின்றுவிடும், என்னுடையது பதினொன்று வரை போகும் என்று குழுவின் கிட்டார்காரன் நைஜல் (கெஸ்ட்) பெருமையாகக் காட்டுகிறான். பத்தையே இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டால் என்ன என்று, படத்துக்குள் ஆவணப்பட இயக்குநராக வரும் ரெய்னர் கேட்கிறார். நைஜல் குமிழைப் பார்க்கிறான். வாயில் மெல்லுவது ஒரு கணம் நிற்கிறது. பிறகு, இது பதினொன்று வரை போகும் என்று அதையே திரும்பச் சொல்கிறான். சிரிப்பு அந்த மௌனத்தில் இருக்கிறது.

உங்கள் தேடலும் ஒரேயடியாக வீண் இல்லை. இல்லாத குழு பிற்பாடு இருக்கிற குழுவாகிவிட்டது. 1992-ல் வெம்ப்ளி மைதானத்தில் குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு நடந்த அஞ்சலிக் கச்சேரியில் நிஜ நட்சத்திரங்களுக்கு நடுவே ஏறி வாசித்தார்கள். 2009-ல் கிளாஸ்டன்பரி இசை விழாவிலும் வாசித்தார்கள்.

கே: ஸ்டோன்ஹெஞ்ச் காட்சி பிளாக் சாபத் குழுவைக் கிண்டலடித்து எடுத்ததுதானே?

ப: பலரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். ஆனால் தேதி இடிக்கிறது. பிளாக் சாபத் ஸ்டோன்ஹெஞ்ச் (இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டம்) செட்டோடு கிளம்பியது 1983-ல். ரெய்னர் பணம் திரட்டுவதற்காக எடுத்த இருபது நிமிட மாதிரித் துண்டு 1982-ஐச் சேர்ந்தது. அதிலேயே இந்தக் காட்சி இருக்கிறது.

அளவுக் குழப்பம் மட்டும் இரண்டிலும் உண்டு, திசைதான் வேறு. படத்தில் நைஜல் ஒரு நாப்கினில் செட்டை வரைகிறான். அடிக்கு ஒற்றைக் கீற்று, அங்குலத்துக்கு இரட்டைக் கீற்று. அவன் 18 போட்டு இரண்டு கீற்று போட்டுவிட்டான். 18 அடியில் எழும்ப வேண்டிய கல், ஒன்றரை அடியில் மேலிருந்து மெல்ல இறங்குகிறது. சுற்றி ஆடுகிறவர்களே அதைவிட உயரம். பிளாக் சாபத்துக்கு, அவர்களே சொல்லும் கதைப்படி, அடி என்று இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் விழுந்தது. வந்து இறங்கியது மேடைகளுக்குள் நுழையாத மலை. கற்பனை முந்திக்கொண்டது, நிஜம் மூன்று மடங்காக்கியது.

கே: அந்தக் குழுவின் டிரம்மர்கள் எப்படியெல்லாம் சாகிறார்கள்? ஒருவர் தோட்ட வேலையில் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ப: ஒருவர் விசித்திரமான தோட்ட விபத்தில். ஒருவர் வாந்தி தொண்டையில் அடைத்து, அதுவும் அவருடைய வாந்தி இல்லை. மற்றவர்கள் மேடையிலேயே தானாகத் தீப்பற்றி. காப்பீட்டுக்காரர் யாரும் கிட்டே வரமாட்டார்.

கே: 'பொஹீமியன் ராப்சடி' பார்த்துத் தியேட்டரில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெளியே வந்ததும் என் அக்கா, "அதில் பாதி பொய்" என்றாள். அழுதது வீணா?

ப: அழுகையைத் திருப்பிக் கேட்க வேண்டாம். ஆனால் அக்கா சொன்னது சரி. உங்களை அழவைத்த இடத்தில்தான் கைவரிசை அதிகம்.

குவீன் குழுவைப் பற்றிய படம் சொல்வது இது: ஃப்ரெடி தனியே போகிறார், குழு உடைகிறது, எய்ட்ஸ் நோய் தெரிகிறது, நண்பர்களிடம் சொல்கிறார், வருடக்கணக்காகச் சேர்ந்து வாசிக்காதவர்கள் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் பெருங்கச்சேரிக்காக ஒன்று சேர்கிறார்கள். நடந்தது இது: குவீன் உடையவே இல்லை. 1984-ல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வந்தது, அதற்கான சுற்றுப்பயணம் 1985 மே மாதம் ஜப்பானில் முடிந்தது. லைவ் எய்டு அதே ஆண்டு ஜூலை 13. இடைவெளி இரண்டே மாதம், கை சூடு ஆறியிருக்காது. தனி ஆல்பம் போட்டது துரோகம் என்று டிரம்மர் ரோஜர் டெய்லர் முகம் சுளிக்கிறாரே, அவரே 1981-ல் தனி ஆல்பம் வெளியிட்டவர். நோய் உறுதியானது 1987-ல் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது, அதாவது லைவ் எய்டு முடிந்து இரண்டு வருடம் கழித்து. 1977-ல் வந்த 'வீ வில் ராக் யூ' பாட்டு, படத்தில் 1980-ல் மீசை வைத்த ஃப்ரெடியின் முன்னால் பிறக்கிறது. அது சில்லறைத் தவறு, விட்டுவிடலாம்.

நோயை முன்னால் இழுத்ததைத்தான் என்னால் விட முடியவில்லை. அந்த மேடையில் அந்த மனிதர் அப்படி வாசித்ததற்கு மரணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சுமார் 21 நிமிடம், கூட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக் அதை அச்சு அசலாகச் செய்திருக்கிறார், பியானோ மேலிருந்த பெப்சி கோப்பைகள் வரை அப்படியே வைத்திருக்கிறார்கள். கோப்பையில் காட்டிய நேர்மையைத் தேதியில் காட்டவில்லை. குழுவின் கிட்டார்காரர் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் தயாரிப்போடு நெருக்கமாக இருந்த படம் இது. உயிரோடு இருப்பவர்களின் ஒப்புதலோடு எடுத்தால் இறந்தவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது என் சந்தேகம்.

கே: ஸ்பைனல் டாப்புக்கு முன்னால் இப்படி யாருமே செய்யவில்லையா?

ப: ரட்டில்ஸை மறந்துவிட்டீர்களே! 1978-ல் 'ஆல் யூ நீட் இஸ் கேஷ்'. பீட்டில்ஸின் கதை மொத்தத்தையும் எரிக் ஐடிலும் நீல் இன்னஸும் டர்க், ராஸ்டி இல்லை நாஸ்டி, ஸ்டிக், பாரி என்ற நால்வர் பெயரில் புரட்டிப் போட்டார்கள். பெயர் நானே குழம்புகிறேன், அவ்வளவு நாளாகிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் காட்டியபோது பார்க்க ஆளில்லை.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன இடம். நரைத்த முடியோடு ஒரு நிருபர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, குழுவின் அலுவலகத்தில் எல்லாம் திருடு போகிறதாமே என்று மக்கள் தொடர்பு அதிகாரியைக் கேட்கிறார். அவர் அதெல்லாம் இல்லை என்கிறார். பின்னால் ஆட்கள் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் நிருபரின் மைக்கும் போய்விடுகிறது. அந்த நிருபராக வந்தவர் நிஜ பீட்டில்ஸின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன். தன் சொந்த நிறுவனம் சூறை போன கதையைத் தானே வந்து கிண்டலடித்துவிட்டுப் போனார். எந்த வாழ்க்கை வரலாற்றுப் படத்திலும் பீட்டில்ஸ் பிரிந்த கசப்பு எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

இன்னஸ் எழுதிய பாட்டுகள் அசலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் பீட்டில்ஸ் பாடல்களின் உரிமையாளர்களோடு வழக்காகி, வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டிவந்தது. கிண்டலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது, ஆனால் பாவம், செலவு அவருடையது.

கே: 'தி டோர்ஸ்' படத்தில் வருவது போல ஜிம் மாரிசன் எப்போதும் போதையில்தான் இருந்தாரா?

ப: டோர்ஸ் குழுவில் ஜிம்மோடு கீபோர்டு வாசித்த ரே மன்சாரெக் சாகும்வரை இதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஜிம் சிரிப்பவன், படிப்பவன், இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் காட்டியது வேறு யாரையோ என்றார். ஆனால் 1991-ல் பார்த்தவர்களுக்கு ஜிம்மாக நடித்த வால் கில்மரை மறக்க முடியாது. படத்தில் அவர் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார், ஜிம்மின் குரல் எங்கே முடிந்து அவர் குரல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். குரல் சரி, ஆள் சரியில்லை. இப்படியும் ஒரு படம் அமையும்.

கே: 'பேக்பீட்' பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ப: பேச வேண்டிய படம். 1994. பீட்டில்ஸின் ஆரம்பகால ஹாம்பர்க் நாட்கள், அப்போது குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், ஜான் லெனனாக இயான் ஹார்ட். பால் மெக்கார்ட்னிக்கு ஒரு வருத்தம்: தான் பாடும் 'லாங் டால் சாலி'யைப் படத்தில் லெனன் பாடிவிட்டார்! ரசிகர்களின் சண்டைக்கு நாம் சிரிக்கிறோம், அவருக்கும் அதே சண்டைதான்.

கே: பொய் என்று தெரிந்தும் நீங்கள் மன்னிக்கிற படம்?

ப: '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்', 2002. மான்செஸ்டர் குழுக்களின் கதை. அதில் அந்தக் குழுக்களின் ஆல்பங்களை வெளியிட்ட டோனி வில்சனின் மனைவி கழிவறையில் ஹோவர்ட் டெவோட்டோ என்ற பாடகரோடு இருப்பதாக ஒரு காட்சி. அங்கேயே துப்புரவுப் பணியாளராக நிற்பவர் நிஜ டெவோட்டோ. கேமராவைத் திரும்பிப் பார்த்து, இப்படி நடந்ததாக எனக்குச் சுத்தமாக நினைவில்லை என்கிறார். பொய்யைச் சொல்லி, மறுப்பையும் பக்கத்திலேயே வைத்த படம். குவீன் படத்தில் இப்படி ஒரு துப்புரவுப் பணியாளர் நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கே: கடைசியாக ஒன்று. ஸ்பைனல் டாப் போலவே வாழ்ந்த நிஜக் குழு ஏதாவது?

ப: கனடாவின் ஆன்வில். 2008-ல் வந்தது ஆவணப்படம், நிஜமான ஆவணப்படம். முதல் பத்து நிமிடம் யாரோ நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றே தோன்றும், ஏனென்றால் டிரம்மரின் பெயரும், ஸ்பைனல் டாப் இயக்குநரைப் போலவே, ராப் ரெய்னர். சத்தியமாக. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு 'பி' கூடுதல். ரயிலைத் தவறவிடுகிறார்கள், வாசித்த இடத்தில் காசு கேட்டுச் சண்டை போடுகிறார்கள், ஸ்டோன்ஹெஞ்சைக்கூடப் போய்ப் பார்க்கிறார்கள். முடிவில் ஜப்பானில் ஒரு பெரிய விழா. அவர்களுக்குக் கிடைத்தது காலை வேளை, ராக் கச்சேரிக்கு எவன் வருவான் அந்த நேரத்தில்? பாடகர் லிப்ஸ் மேடைக்குப் பின்னால் நடந்து வரும்போது அந்தப் பயம் முகத்தில் அப்பியிருக்கிறது. திரை தாண்டி வந்து பார்க்கிறார். அரங்கம் நிறைந்திருக்கிறது. டிரம்மரும் உயிரோடுதான் இருக்கிறார்.