அக்காவிடம் சொல்லாமல் திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்வி: தாயார் காலமானபின் அவருடைய தங்கச் சங்கிலியை அக்காவுக்குத் தெரியாமல் விற்று, கிடைத்த 8,000 ரிங்கிட்டில் என் கடனை அடைத்தேன். பதினோரு ஆண்டுகளாக லெந்து எனும் நோன்புக் காலந்தோறும் இறைச்சியையும் கோப்பியையும் விட்டு, உபவாசித்து, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறேன், நிம்மதி இல்லை. இவ்வாண்டு பெரிய வியாழன் திருவிருந்தில் (அப்பமும் இரசமும் பகிரும் ஆராதனையில்) பங்கெடுக்காமல் ஒதுங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, ஒதுங்க வேண்டாம். ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டும் என்று 1 கொரிந்தியர் 11:28இல் எழுதும் பவுல், சோதித்தபின் அப்பத்தைப் புசிக்கத்தான் சொல்கிறாரே தவிர விலகி நிற்கச் சொல்லவில்லை. தமக்குத் தகுதியில்லை என்று திருவிருந்தைத் தவிர்த்தவர்களுக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் 1787இல் வெளியிட்ட பிரசங்கத்தில் இதே போக்கில்தான் மறுமொழி தந்தார்.

ஆனால் உங்கள் உபவாசத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக நாற்பது நாள் கோப்பியை விடுவது, பட்டர்வொர்த்திலோ பூச்சோங்கிலோ இருக்கும் அக்காவின் கதவைத் தட்டுவதைவிட எளிது. நம் சபைகளில் சிந்திய கண்ணீரை வைத்தே மனந்திரும்புதலை அளக்கும் பழக்கமும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரேக்க மூலத்திலுள்ள ‘மெட்டனோயா’ மனம் மாறுவதைக் குறிக்கிறது, எபிரெயத்தின் ‘ஷூவ்’ வந்த வழியே திரும்புவதைக் குறிக்கிறது. நம் தமிழ்ச் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. உங்களுக்கு முதல் பாதி எப்போதோ நடந்துவிட்டது.

எண்ணாகமம் 5:7, பாவத்தை அறிக்கையிடுவதையும், எடுத்த முதலைத் திருப்பித் தருவதையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்ப்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அதன்படி 9,600 ரிங்கிட் ஆகிறது. எனினும் நியாயப்பிரமாணத்தின் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். தங்கத்தின் விலை இத்தனை ஆண்டுகளில் எங்கோ போய்விட்டதால், அதே எடையுள்ள சங்கிலிக்கு இன்று என்ன விலை என்று நகைக்கடையில் கேட்டு, அதில் அக்காவுக்கு உரிய பங்கைக் கணக்கிடுவதே நேர்மையாகும். இது மன்னிப்புக்குக் கொடுக்கும் விலையன்று. லூக்கா 19இல் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாகச் சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

முழுத்தொகை கையில் இல்லையென்றால் மாதத் தவணையாகக் கொடுக்கலாம், ஆனால் உண்மையைத் தவணையாகச் சொல்லாதீர்கள். முதலில் கணவரிடம் சொல்லுங்கள். பிறகு, வாட்சப்பில் எழுதாமல், பெரிய வியாழனுக்கு முன் வரும் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்லுங்கள். அன்று கடன் நெருக்கடி எவ்வளவு கடுமையாக இருந்தது என்று விளக்கத் தொடங்கிவிட்டால் அறிக்கை வாதாட்டமாக மாறிவிடும். அக்கா கோபப்படலாம், சில மாதங்கள் பேசாமலும் இருக்கலாம். உடனே மன்னிக்க வேண்டும் என்று வசனம் காட்டி அவரை நெருக்க உங்களுக்கு உரிமையில்லை.