ஹிமடைட்–பிளாட்டினம் படலத்தில் தெரியும் சிக்னல் உண்மையான ஸ்பின் ஹால் காந்தத்தடைதானா? எப்படி உறுதி செய்வது?

கேள்வியின் சுருக்கம்: சபையர் படிகத்தின் மேல் சி-அச்சில் (படலத் தளத்துக்குச் செங்குத்தான படிக அச்சு) வளர்ந்த ஹிமடைட் (எதிர்ஃபெரோ காந்தமான இரும்பு ஆக்சைடு), அதன் மேல் 5 நானோமீட்டர் பிளாட்டினம். 3 டெஸ்லா புலத்தைப் படலத் தளத்துக்குள் சுழற்றினால் மின்தடை பத்தாயிரத்தில் மூன்று பங்கு ஏறி இறங்குகிறது. சென்னை ஆய்வகம், அறை வெப்பநிலை.

ஸ்பின் ஹால் காந்தத்தடை என்றால், அடியிலுள்ள காந்தத்தின் திசையைப் பொறுத்து மேலுள்ள உலோகத்தின் தடை மாறுவது. அதற்கு உங்கள் அளவு பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இப்போதே அதுதான் என்று எழுதிவிட வேண்டாம்.

முதலில் குறியைப் பாருங்கள், அதாவது புலம் எந்தத் திசையில் நிற்கும்போது தடை குறைகிறது என்று. யிட்ரியம் இரும்பு கார்னெட் போன்ற ஃபெர்ரி காந்தத்தின் (நிகரக் காந்தம் மிஞ்சி, அது புலத்தின் திசையிலேயே திரும்பும் பொருள்) மேல் பிளாட்டினம் இருந்தால், புலம் தளத்துக்குள் மின்னோட்டத்துக்குக் குறுக்காக நிற்கும்போது தடை மிகக் குறையும். ஹிமடைட்டில் நீல் வெக்டர் (எதிரெதிராக அடுக்கிய அணுக் காந்தங்களின் அச்சு) புலத்துக்குச் செங்குத்தாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் வரைபடம் 90 டிகிரி நகர்ந்து, புலம் மின்னோட்டத்தின் திசையிலேயே இருக்கும்போது தடை குறைய வேண்டும். உங்கள் வளைவு முதல் வகையாக இருந்தால் உள்ளே மேக்னடைட்டோ (ஃபெர்ரி காந்தமான இன்னொரு இரும்பு ஆக்சைடு) உலோக இரும்போ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். வளர்ச்சியில் ஆக்சிஜன் குறைந்தாலும் இது நடக்கும். பிளாட்டினம் போடுமுன் மேற்பரப்பைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று ஆர்கான் அயனியால் அடித்தாலும் நடக்கும். ஆக்சிஜன் முதலில் பறந்து, மேல் அடுக்கு ஒடுக்கப்பட்டுவிடும். வெற்றிடத்தை உடைக்காமல் பிளாட்டினம் போடுவதே நல்லது. வேறு வழியில்லாமல் இன்னொரு கூடத்துக்கு எடுத்துப் போனால், நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டிய நீரைப் படிவுக்கு முன் வெற்றிடத்தில் சூடாக்கி ஓட்டுங்கள்.

அடுத்து வெப்பம். பலரும் சறுக்குவது இங்கேதான். மெல்லிய பிளாட்டினத்தின் தடை ஒரு கெல்வினுக்குச் சுமார் 0.2 சதவீதம் மாறும். அப்படியென்றால் உங்கள் மொத்த சிக்னலும் 0.15 கெல்வின் நகர்வுக்குச் சமம். ஏசி கம்ப்ரசர் நின்று ஓடும் அறையில் அது சாதாரணம். ஒரு சுற்றை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் ஓட்டுங்கள்; பிறகு புலமே இல்லாமல் ஒரு சுற்று. கோணத்தோடு வருவது சிக்னல், நேரத்தோடு வருவது ஏசி.

மின்னோட்டத்தைக் குறைவாக வையுங்கள். 10 மைக்ரோமீட்டர் அகலம், 100 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஹால் பார் (மின்தடை அளக்கச் செதுக்கும் குறுகிய பட்டை) என்றால் தடை சுமார் 600 ஓம். 100 மைக்ரோஆம்பியரில் 60 மில்லிவோல்ட் கிடைக்கும், அதில் தேடும் மாற்றம் 18 மைக்ரோவோல்ட். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளந்தால் வெப்ப மின்னழுத்தம் கழிந்துவிடும். லாக்-இன் (ஒரே அதிர்வெண்ணை மட்டும் பிரித்து அளக்கும் பெருக்கி) வைத்திருந்தால் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் தவிர்த்து 17 போன்ற அதிர்வெண்ணை எடுங்கள். வளைவில் 360 டிகிரிக்கு ஒருமுறை வரும் பகுதி தெரிந்தால், மாதிரி சற்றுச் சாய்ந்திருப்பதால் சாதாரண ஹால் மின்னழுத்தம் (புலத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழுவது) கலந்திருக்கலாம். நேர், எதிர்ப் புல அளவுகளைச் சராசரி எடுத்தால் அது போகும்.

தளத்துக்கு வெளியே சுழற்றும்போது அழகான கோசைன் வர்க்க வளைவை எதிர்பார்க்காதீர்கள். அறை வெப்பநிலையில் நீல் வெக்டர் தளத்துக்குள்ளேயே கிடக்கும். புலத்தின் தளக்கூறு டொமைன்களை (ஒவ்வொன்றும் ஒரே திசை கொண்ட சிறு காந்தப் பகுதிகள்) ஒழுங்குபடுத்தப் போதுமானதாக இருக்கும்வரை தடை ஏறக்குறைய மாறாது. புலம் சி-அச்சை நெருங்கும்போது மட்டும் சட்டென்று ஒரு பள்ளமோ மேடோ வரும். இது கோளாறில்லை, நல்ல அறிகுறி.

வெறும் சபையர் மேல் அதே நாளில் போட்ட பிளாட்டினத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். புலம் கூடினால் பிளாட்டினத்திலேயே ஹான்லே காந்தத்தடை (அடியில் காந்தம் இல்லாமலே, புலம் பிளாட்டினத்தின் ஸ்பின்களைத் திருப்புவதால் வரும் தடை மாற்றம்) எழும். அதன் குறி ஹிமடைட் சிக்னலுக்கு நேர் எதிர் என்பதால், கழிக்காவிட்டால் உங்கள் எண்தான் குறைந்து தெரியும்.

குளிர்வித்துச் சரிபார்க்கலாம் என்றால் மோரின் மாற்றம் குறுக்கே வரும். பெரும்படிகத்தில் அது 260 கெல்வின் பக்கம். அதற்குக் கீழே நீல் வெக்டர் சி-அச்சுக்குப் போய்விடுவதால் குறைந்த புலத்தில் தள சிக்னல் மறையும். மெல்லிய படலங்களில் இந்த மாற்றம் பெரும்பாலும் தாழ்ந்துவிடும், அல்லது இருக்கவே இருக்காது. ஆகவே சிக்னல் மறையவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மின்துடிப்பால் நீல் வெக்டரைத் திருப்பும் பக்கம் போவதாக இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ரம்பப்பல் போல ஏறும் சிக்னல், எதிர்ஃபெரோ காந்தமே இல்லாத பிளாட்டினத்திலும் வரும் என்று 2019-இல் காட்டியிருக்கிறார்கள். சூட்டில் அணுக்கள் நகர்வதே காரணம். அதே துடிப்புகளைச் சபையர் மேலுள்ள பிளாட்டினத்திலும் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே பற்கள் வந்தால் ஹிமடைட்டின் பெயரை எழுதாதீர்கள்.