‘அம்மா பாட்டு’ என்று லேபிள் ஒட்டிய ஃப்ளாப்பி

“எதற்கும் உதவாத பழைய கம்ப்யூட்டர் சாமான் எதையாவது தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைத்திருக்கிறேன். கறுப்பு நிறத்தில் மூன்றரை அங்குல ஃப்ளாப்பி ஒன்று, அதாவது கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமித்து வைக்கும் அந்தக்கால வட்டு. அதன் லேபிளில் நீல மையில் ‘அம்மா பாட்டு’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் என் அத்தை. அவருக்கு அம்மா என்றால் எனக்கு ஆச்சி.

அத்தை பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். லோயர், ஹையர் பரீட்சை எழுதும் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். 1999-ல் நகையை அடகு வைத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பக்கத்து அறையில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து வடிவமைக்கும் வேலை ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதுகுத்து அழைப்பிதழ். விண்டோஸ் 98, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், பூப்போட்ட துணி உறை போட்ட மானிட்டர். செருப்பைக் கழற்றாமல் அந்த அறைக்குள் யாரும் போக முடியாது.

கீபோர்டு டிவிஎஸ் கோல்டு. தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு சாவிக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. எழுத்து விழும் இடம் விரலுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ரெமிங்டன் டைப்ரைட்டரில் பழகிய கைக்கு வேறு எந்த கீபோர்டும் ஒத்துவரவில்லை என்று அத்தை சொல்வார். நான் இன்றைக்கு மடிக்கணினியில் தட்டும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன்.

பத்திரிகையை அச்சகத்துக்குக் கொண்டுபோவது ஃப்ளாப்பியில்தான். எப்போதும் இரண்டு பிரதி எடுப்பார். ஒன்று திறக்காவிட்டால் இன்னொன்று வேண்டுமே! வட்டின் ஒரு பக்கத்துக்கு வட்ட வட்டமாக 80 தடங்கள், ஒரு தடத்துக்கு செக்டர் என்ற 18 துண்டுகள், ஒரு செக்டருக்கு 512 பைட், ஆக இரண்டு பக்கமும் சேர்த்து 14,74,560 பைட். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. ஆனால் வெறும் எழுத்து என்றால் அது ஒரு பெரிய பத்தாயம்.

முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் வேலை குறைந்துவிடும். அப்போதுதான் ஆச்சியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பாடிய தாலாட்டுகளை நோட்பேடில் பாமினி எழுத்துருவில் அடித்தார். ஆச்சிக்குப் பாட்டை வசனமாகச் சொல்ல வராது, பாடத்தான் வரும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பூவோ ஒரு ஊரோ மாறிவிடும். அத்தை எதையும் அழிக்கவில்லை, எல்லா வடிவங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்து வைத்தார். இதை நான் இன்றும் மலைப்போடு நினைத்துப் பார்க்கிறேன். ஆய்வு மாணவர்கள் செய்ய வேண்டிய காரியம் அது.

2003-ல் ஆச்சி போய்விட்டார். பிறகு கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போயிற்று. 2019-ல் அத்தை வீடு மாறியபோது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பத்து ஃப்ளாப்பிகள் கிடைத்தன. சோனி நிறுவனமே ஃப்ளாப்பி விற்பனையை 2011-ல் நிறுத்திவிட்டது. ஃப்ளாப்பியைப் படிக்க யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். இந்த ஃப்ளாப்பியைப் போட்டதும் கரகரவென்று அரைத்துவிட்டு, “ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யவா?” என்று விண்டோஸ் கேட்டது. ‘வேண்டாம்’ என்பதற்குப் பதில் ‘சரி’யில் என் கை பட்டுவிட்டது.

அந்த ஒரு நொடி எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் எதுவும் அழியவில்லை. ஃப்ளாப்பியின் ஓரத்தில் நகரும் சிறு கதவு ஒன்று உண்டு. அதைத் தள்ளித் துளையைத் திறந்து வைத்தால் வட்டில் எதையும் எழுதவோ அழிக்கவோ டிரைவ் சம்மதிக்காது. பத்தில் இந்த ஒன்றில் மட்டும் அத்தை அதைத் திறந்து வைத்திருந்தார்.

டிரைவில் வட்டைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. கெட்ட செக்டரைத் தாண்டிப்போய் மற்றதை எடுத்துக்கொண்டு, பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து முயலும். இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒரே ஒரு செக்டர் தவிர எல்லாம் வந்தது.

திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி அப்படித்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது j, k, p, o, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறியாக்கம் அன்று ஆளுக்கொன்றாக இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் ஏற்றது. அதெல்லாம் எங்கள் தெரு டிடிபி கடைகளுக்கு வந்து சேரவில்லை. இன்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் உதவியது. பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்து முதலில். அதையெல்லாம் அதுவே இடம் மாற்றிக் கொடுத்தது. பாமினியில் ஐந்து பைட் பிடித்த ‘தமிழ்’ இப்போது யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 கோப்பில் பதினைந்து பைட் பிடிக்கிறது.

மிச்சம் அந்த ஒரு செக்டர். 512 பைட் என்றால் பாமினியில் 512 தட்டு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு வரித் தாலாட்டு.

பரணில் கிடந்த டிவிஎஸ் கோல்டைத் துடைத்து, அதன் உருண்டைச் செருகிக்கு ஒரு யுஎஸ்பி அடாப்டர் மாட்டி, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்.எச்.எம். ரைட்டரில் பாமினி விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். அத்தைக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. “இந்த இடத்துல இருந்து மட்டும் சொன்னாப் போதும் அத்தை” என்றேன்.

“நடுவுலருந்து வராது, எய்யா” என்றார்.

கண்ணை மூடி முதல் அடியிலிருந்து மெல்லப் பாடத் தொடங்கினார். விட்டுப்போன இடம் வந்ததும் பாட்டை நிறுத்தாமலே விரல்கள் தட்ட ஆரம்பித்தன. கீபோர்டை அவரிடமே விட்டுவிட்டு ஃப்ளாப்பியை மட்டும் எடுத்து வந்தேன். அந்தச் சிறு கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.