'நோட்ஸ்' என்பதற்கு 'குறிப்பு' சரியான தமிழா? அந்தச் சொல் எப்படி வந்தது?

சரிதான். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு 'நோட்டு' என்றால் எழுதுகிற புத்தகம், இல்லாவிட்டால் ரூபாய். அதில் எழுதி வைப்பது 'நோட்ஸ்'. இந்த நோட்ஸ்தான் குறிப்பு. நோட்டுக்குக் குறிப்பேடு (குறிப்பு + ஏடு).

வேர் 'குறி': அடையாளமிடு, மனதில் கருது. படி – படிப்பு, நடி – நடிப்பு மாதிரி குறி – குறிப்பு. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமான 'நோட்டா'வுக்கும் அடையாளம் என்றே பொருள், தற்செயல் ஒற்றுமைதான்.

சுவாரசியம் என்னவென்றால், இது முதலில் எழுத்தைச் சேர்ந்த சொல்லே அல்ல. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்றே இரண்டு அதிகாரங்கள். 71இல் அரசன் மனதை முகம் பார்த்து அறிவது, 110இல் காதலியின் மனதைக் கண் பார்த்து அறிவது. இலக்கணத்திலும் 'அவன் நல்லன்' என்பது குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. முழுக்கச் சொல்லாமல் உணர்த்துவது, அதுவே குறிப்பு.

மண்ணடி இரும்புக் கடையில் துண்டுச் சீட்டில் '12 எம்எம் – 20 – சாயங்காலம்' என்று கிறுக்கியிருக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி, 20 எண்ணம், மாலையில் வண்டி ஏற்று என்று கடைப்பையனுக்குப் புரியும், வெளியாளுக்குப் புரியாது. அசல் குறிப்பு அதுதான். பாடத்தை வரி விடாமல் பார்த்தெழுதினால் அது நகல்.

'மெமோ'வுக்குக் குறிப்பாணை, 'நோட்டீஸு'க்கு அறிவிப்பு. இவை இரண்டையும் வெறும் 'குறிப்பு' என்று எழுதினால் குழப்பம் வரும்.